கண் திறக்காத குட்டி பாலைத் தேடும் வழி

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் காய்கறி விவசாயத்தோடு, வீட்டுக்குப் பின்னால் சில முயல்களும் வெள்ளாடுகளும் வளர்த்து வருகிறேன். சோவியத் சின்சில்லா இனத் தாய் முயல் ஒன்று ஐந்து நாட்களுக்கு முன் முதல் ஈற்றாக ஏழு குட்டிகள் போட்டது. அது பால் கொடுப்பதை நாங்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பகலில் பெட்டிப் பக்கமே போவதில்லை. இரவில் எழுந்து விளக்கடித்துப் பார்த்தும் பயனில்லை. பெட்டியில் நாற்றம் அடித்ததால், மூன்றாம் நாள் பழைய வைக்கோலையும் தாய் உதிர்த்த முடியையும் அள்ளி எறிந்துவிட்டு, கிருமிநாசினி ஊற்றிக் கழுவிப் புது வைக்கோல் போட்டோம். தாய்க்குச் சொறி இருந்ததால் வயிறு முழுவதும் வேப்பெண்ணெயும் தடவினோம். மறுநாள் இரண்டு குட்டிகள் இறந்துவிட்டன. மீதி ஐந்தும் வயிறு ஒட்டிக் கிடக்கின்றன. மகள் குட்டிகளைத் தொட்டதால்தான் தாய் ஒதுக்கிவிட்டது என்கிறார் என் தாயார். பசும்பாலை ஃபில்லரில் ஊட்டலாமா? கண்ணே திறக்காத குட்டி காம்பை எப்படித்தான் கண்டுபிடிக்கும்? இதே வாரம் எங்கள் வெள்ளாடு இரட்டைக் குட்டி ஈன்றது. இரண்டாவது குட்டி மிகவும் அழுக்காக இருந்ததால் வெந்நீரில் கழுவித் துடைத்து விட்டோம்; அதைத் தாய் அண்டவிடாமல் முட்டித் தள்ளுகிறது. இதையெல்லாம் கேட்ட என் தங்கை, அவளுக்கு இது எட்டாம் மாதம், பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமா என்றும் கேட்கச் சொன்னாள்.

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம். உங்கள் மடலைப் படித்த அன்றே, உடனடியாகச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாக எழுதி அனுப்பியிருந்தேன். இதே நிலை வேறு பலருக்கும் நேர்வதைத் தொடர்ந்து பார்த்து வருவதால், அவற்றை இங்கே மீண்டும் சொல்லி, காரணங்களையும் விளக்குகிறேன். முயல், ஆடு, தங்கையின் ஐயம் என்று நீங்கள் மூன்று செய்திகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை மூன்றும் ஒரே கேள்வியாகவே தெரிகின்றன. பிறந்த குட்டி பாலைத் தேடிச் செல்வது மணத்தை முகர்ந்தும், வெதுவெதுப்பை உணர்ந்தும், உதட்டைச் சுற்றியுள்ள தோலில் படும் தொடுகையாலும்தான். முதல் சில நாட்களில் அந்த மணத்தையும் வெப்பத்தையும் நல்லெண்ணத்தோடு துடைத்து அகற்றிவிடுவதே பல வீடுகளிலும் பண்ணைகளிலும் நடக்கிறது.

ஐந்து குட்டிகளையும் முதலில் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும். முயல் குட்டி முடியில்லாமல், 40 முதல் 60 கிராம் எடையில் பிறக்கிறது. தாய் தன் வயிற்று முடியைப் பிய்த்துப் போட்டு அமைக்கும் மெத்தையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் உடன்பிறப்புகளின் சூடும்தான் அதற்குப் போர்வை. மேல்மலைக் குளிரில் அந்த முடியை அகற்றிவிட்டு வெறும் வைக்கோலில் விட்டால், குட்டியின் உடல் சில்லிட்டு அசைவே மந்தமாகிவிடும்; அசைய முடியாத குட்டி, தாய் வந்து நின்றாலும் காம்பைத் தேட முடியாது. எனவே இறந்துபோன இரண்டு குட்டிகளின் சாவில் பசியைவிடக் குளிருக்கே பெரும்பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி, குட்டிகள் விலகிக்கொள்ள இடம் விட்டு, அருகில் வையுங்கள். அவற்றின் உடல் கைக்கு வெதுவெதுப்பாகப் படும்வரை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். உங்களிடம் உள்ள மற்றொரு தாய் முயல் மூன்று நாள் முந்தி ஈன்றதாகத் தனியே எழுதியிருந்தீர்கள். அதன் பெட்டியில் முடி மிகுதியாக இருந்தால் ஒரு பிடி எடுத்து இந்தப் பெட்டியில் குழிவாகப் பரப்பிக் குட்டிகளை நடுவில் வைத்து மூடுங்கள்.

அடுத்து, தாயின் வயிற்றில் உள்ள எண்ணெயைச் சோப்பில்லாமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காம்புகளைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்து, ஈரம் போகத் துடையுங்கள். அப்போதே ஒவ்வொரு காம்பையும் விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். எங்காவது கெட்டியாக, சூடாக, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அது மடிநோய்; அந்தத் தாயிடம் குட்டிகளை விடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், தாயைத் தூக்கிப் பெட்டிக்குள் குட்டிகளின் மேல் நிற்கும்படி விட்டு, முதுகில் கை வைத்து அமைதிப்படுத்தி, நான்கைந்து நிமிடம் அங்கேயே நிற்கச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை, விளக்கும் கூட்டமும் இல்லாமல், ஒரே நேரத்தில் இதைச் செய்தால் போதும். பெரும்பாலான முதல் ஈற்றுத் தாய்கள் இரண்டு மூன்று நாட்களில் தாமாகவே பழகிக்கொள்கின்றன.

ஒரு நாளைக்கு ஒருமுறை என்று எழுதியதைப் பார்த்து நீங்கள் தயங்கக்கூடும். முயலின் இயல்பே அதுதான். மாடும் ஆடும் நாயும் நாள் முழுவதும் பால் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு முயல் தாய் அன்பில்லாததாகத் தோன்றுகிறது. நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள் அனைத்தும் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் வளையில் வாழ்ந்த ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அந்தத் தாய் முயல் வளைக்குள் குட்டிகளை விட்டு, வாயிலை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். தான் அடிக்கடி போய்வந்தால் இரைதேடும் விலங்குகளுக்கு வழி காட்டிக் கொடுத்ததாக ஆகும். ஆகவே 24 மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரே ஒரு முறை, பெரும்பாலும் இருட்டிய பிறகோ விடியும் முன்போ வந்து, மூன்று நான்கு நிமிடம் குட்டிகளின் மேல் நின்றுவிட்டுத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் அது குட்டியைத் தூக்குவதோ நக்குவதோ காம்பின் பக்கம் தள்ளிவிடுவதோ இல்லை. அசையாமல் நிற்பது ஒன்றே அதன் பங்கு. மீதி முழுவதும் குட்டியின் பொறுப்பு. நீங்கள் பகலில் பார்க்காததும், இரவில் விளக்கோடு போனபோது தாய் ஒதுங்கி நின்றதும் இதனால்தான்.

உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். முயல் குட்டியின் கண் பத்துப் பதினோராம் நாளில்தான் திறக்கும். காதுத் துளையும் முதல் சில நாட்கள் மூடியே இருக்கும். இந்த நிலையில் மூன்று நிமிடத்துக்குள் காம்பைக் கண்டுபிடித்து, தன் உடல் எடையில் கால் பங்கு அளவுக்குப் பாலைக் குடித்துவிட வேண்டும். தாய் வருவதற்குச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் முன்பிருந்தே குட்டிகள் விழித்துக்கொண்டு, மேலே கிடக்கும் முடியை விலக்கி மேற்பரப்புக்கு வந்து காத்திருக்கின்றன. நாள் கணக்கை அவற்றின் உடலே வைத்திருக்கிறது. தாயின் வயிறு தலைக்கு மேல் வந்ததும், மல்லாந்து, மூக்கைத் தாயின் முடிக்குள் புதைத்துத் தையல் ஊசிபோல மேலும் கீழுமாக வேகமாகக் குத்திக்கொண்டே நகர்கின்றன. பெரும்பாலும் சில நொடிகளில் காம்பு வாயில் அகப்பட்டுவிடுகிறது. ஒரே காம்பில் நிலைத்திருப்பதும் இல்லை. சற்று உறிஞ்சியதும் அதை விட்டு அடுத்ததற்குத் தாவி, மூன்று நிமிடத்துக்குள் பல காம்புகளை மாற்றிவிடுகின்றன. ஒரு தாய்க்கு எட்டு முதல் பத்துக் காம்புகள் இருப்பதால், உங்களிடம் மிஞ்சியுள்ள ஐந்து குட்டிகளுக்கு இடப் பஞ்சம் இல்லை.

இந்தத் தேடலை நடத்துவது மணம்தான் என்பதை ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆய்வு செய்த ராபின் ஹட்சனும் ஹான்ஸ் டிஸ்டலும் 1980களில் விரிவாகக் காட்டினார்கள். மோப்ப உணர்வை இழந்த குட்டி, பால் நிறைந்த தாயின் அடியில் கிடந்தும் தேடவே தொடங்குவதில்லை. அப்படியே விட்டால் பட்டினியில் இறந்துவிடும். வாயைச் சுற்றியுள்ள தொடுவுணர்வு மட்டும் மரத்துப்போன குட்டியோ தேடும், ஆனால் காம்பைப் பற்றிக்கொள்ளத் தடுமாறும். தேடலைத் தூண்டிவிடுவதும் காம்பிருக்கும் பக்கம் இழுப்பதும் மணம். முடி அடர்ந்த தோலுக்கு நடுவே முடியற்ற, சூடான, மென்மையான புள்ளி இதுதான் என்று இறுதியில் உறுதிசெய்வது தொடுகை. இந்த வரிசை குலைந்தால் குட்டியால் வேறு வழியில் ஈடுகட்ட முடியாது. ஏனென்றால் அதற்கு வேறு வழியே இன்னும் திறக்கவில்லை.

அந்த மணம் என்ன என்பதும் இன்று தெரியும். பிரான்சின் டிஜோன் நகரில் பெனுவா ஷால் தலைமையிலான குழு, முயல் பாலிலிருந்து எழும் ஆவியில் உள்ள பல வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குட்டிகளின் முன் நீட்டிப் பார்த்தது. அவற்றுள் 2-மெத்தில்-பியூட்-2-ஈனல் என்ற ஒரே ஒரு பொருள் மட்டும், கண்ணாடிக் குச்சியின் நுனியில் தடவி நீட்டினாலும், குட்டியைத் தலையை ஆட்டித் தேடவும் குச்சியை வாயால் பற்றவும் வைத்தது. 2003-இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு அதை முயலின் மடி ஃபெரோமோன் (ஒரே இன விலங்குகளுக்கிடையே மணத்தால் செய்தி சொல்லும் வேதிப்பொருள்) என்றே அழைக்கிறார்கள். தாயை ஒருமுறைகூட முகர்ந்திராத, அப்போதுதான் பிறந்த குட்டியும் இதற்கு எதிர்வினை காட்டுகிறது என்பதால், இது கற்றுக்கொண்ட பழக்கம் அல்ல, பிறவியிலேயே அமைந்தது. எலி, பூனை ஆகியவற்றின் குட்டிகள் இதைச் சட்டைசெய்வதில்லை. ஆனால் எந்த இன முயல் குட்டியும் எந்தத் தாய் முயலிடமும் இதே மணத்தைத் தேடுகிறது.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு வழி கிடைக்கிறது. குட்டி தேடுவது தன் தாய்க்கு மட்டுமே உரிய மணத்தை அல்ல என்பதால், உங்களிடமுள்ள மற்றத் தாயிடம் அது எளிதாகக் குடித்துவிடும். ஆடுபோல முயல் தாய் ஒவ்வொரு குட்டியையும் தனியே அடையாளம் கண்டு விரட்டுவதும் இல்லை. குட்டிகளின் வயதில் இரண்டு மூன்று நாள் வித்தியாசம்வரை இருக்கலாம். உங்களுடையவை அதற்குள்தான் இருக்கின்றன. மற்றத் தாயிடம் ஐந்தாறு குட்டிகளே இருந்தால், இங்கு மிக மெலிந்திருக்கும் இரண்டை எடுத்து, அங்குள்ள முடியில் மெல்லப் புரட்டி, அங்குள்ள குட்டிகளின் நடுவில் வைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் ஃபில்லர்ப் பாலைவிட இது பன்மடங்கு நம்பகமானது.

பசும்பால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், அது முயல் குட்டிக்கு மிகவும் நீர்த்த உணவு. பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம், புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். முயல் பாலில் இரண்டுமே ஏறத்தாழ 12 சதவீதம். நாளுக்கு ஒருமுறை குடித்துத் தாக்குப்பிடிக்க வைப்பது அந்தச் செறிவுதான். மேலும், மணத்தைத் தேடித் தானே உறிஞ்சும் குட்டி தன் விழுங்கும் வேகத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ஃபில்லரில் பிதுக்கும்போது அந்த வேகம் நம் விரலின் கையில் போய்விடுவதால், பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியால் குட்டிகள் இறப்பதை அடிக்கடி பார்க்கிறோம். வேறு வழியே இல்லாதபோது, பூனைக்குட்டிகளுக்கான பால்மாவையோ ஆட்டுப்பாலையோ வெதுவெதுப்பாக்கி, குட்டியை மல்லாத்தாமல் தலை நிமிர்ந்திருக்கப் பிடித்து, உதட்டோரத்தில் துளித்துளியாக வைத்து, அது நக்கி விழுங்கும்வரை காத்திருந்து கொடுக்கலாம்.

குட்டி பால் குடித்ததா என்று அறியத் தாயைக் காவல் காக்க வேண்டியதில்லை. காலையில் ஒருமுறை குட்டிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். குடித்த குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலின் வழியே பால் வெள்ளையாகத் தெரியும். பட்டினி கிடந்ததன் தோல் சுருங்கி, தொட்டவுடன் எம்பிக் குதிக்கும். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிவாருங்கள். சரியாகக் குடிக்கும் குட்டி ஒரு வாரத்தில் பிறப்பு எடையைப்போல இரு மடங்கை எட்டும். ஒருநாள் பால் தவறினால் பெரும்பாலான குட்டிகள் மறுநாள்வரை தாங்கும். இரண்டாம் நாளும் தவறினால் காத்திருக்கக் கூடாது.

வேப்பெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒன்றே எல்லாவற்றையும் கெடுத்தது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. முயல் குட்டி புதிய மணங்களை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொள்கிறது. தாயின் வயிற்றில் வாசனைத் திரவியத்தைப் பூசி ஒரே ஒரு முறை பால் குடிக்க விட்ட குட்டிகள், மறுநாள் அந்த வாசனைக்கே தேடல் அசைவைக் காட்டியதை ஹட்சன் பதிவுசெய்திருக்கிறார். பின்னர் டிஜோன் குழு, மடி ஃபெரோமோனோடு சேர்த்து ஒருமுறை முகரக் கொடுத்த எந்தப் புது மணமும் மறுநாள் தனியாகவே குட்டியைத் தூண்டுவதைக் காட்டியது. ஆகவே மூல மணம் ஓரளவேனும் எட்டியிருந்தால், குட்டிகள் வேப்பெண்ணெய்க்கும் பழகியிருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் ஒரே நாளில் தாயின் வயிற்று மணம் மறைந்தது, கூட்டின் மணமும் மாறியது, சூடும் போனது, அடிக்கடி திறந்து பார்த்ததில் முதல் ஈற்றுத் தாயும் மிரண்டது. இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தாங்கும் குட்டிகளால் நான்கையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை.

காம்பைக் கழுவுவதால் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சான்று எலிகளிடம் கிடைத்தது. அமெரிக்காவில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டைச்சரும் எலியட் பிளாஸும் 1970களின் நடுவில் பாலூட்டும் எலியின் காம்புகளை நன்றாகக் கழுவிவிட்டுக் குட்டிகளை விட்டார்கள். குட்டிகள் காம்பின் மேலேயே முகம் பட்டும் பற்றவில்லை. கழுவிய நீரைச் செறிவாக்கி மீண்டும் பூசியதும், அல்லது குட்டிகளின் உமிழ்நீரைப் பூசியதும், பற்றிக்கொண்டன. பிறந்தவுடன் முதன்முதலாகக் குடிக்கும்போது வேலை செய்வது பனிக்குட நீரின் மணம். பிரசவத்தின்போது தாய் எலி தன்னையே நக்கிக்கொள்கையில் அந்த நீர் காம்புகளில் படிகிறது. கருப்பையில் எந்த மணத்தில் மிதந்ததோ அதே மணம் காம்பில் காத்திருப்பதால் குட்டிக்கு வழி தெரிகிறது. பிறகு, முன் குடித்த குட்டிகளின் எச்சில் மணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1982-இல் பேட்ரிசியா பீடர்சனும் பிளாஸும் சேர்ந்து, கருப்பையின் பனிக்குட நீரில் எலுமிச்சை மணமுள்ள சிட்ரால் என்ற பொருளைச் செலுத்தி, பிறந்த பின்னும் அதை முகரச் செய்தபோது, அந்தக் குட்டிகள் சிட்ரால் பூசிய காம்பைத்தான் பற்றின. இயல்பான காம்பை ஏற்கவில்லை. முயலுக்குப் பிறவியிலேயே ஒரு திறவுகோல் அமைந்திருக்கிறது என்றால், எலி அதைக் கருவறையில் கற்றுக்கொண்டு வெளியே வருகிறது.

உங்கள் தாயார் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வீட்டில் பழகிய முயலைப் பொறுத்தவரை அது சரியல்ல. உங்கள் மகளின் கையைத் தாய் முயல் நாள்தோறும் தீனி போடும்போதே முகர்ந்து அறிந்திருக்கிறது. கையைத் தண்ணீரில் கழுவி, பெட்டியிலுள்ள வைக்கோலில் தேய்த்துக்கொண்டு, பகலில் ஒருமுறை குட்டிகளை எடுத்துப் பார்ப்பதால் தீங்கில்லை. நறுமணச் சோப்பு, முகப்பவுடர், பூண்டு உரித்த கை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மேல்மலையில் இந்தக் கடைசி எச்சரிக்கை தேவைப்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். குழந்தையின் மீது பழி வேண்டாம்.

இனி ஆட்டைப் பற்றிப் பார்ப்போம். முயலுக்கு நேர்மாறாக, ஆட்டுக்குட்டி கண் திறந்தே பிறக்கிறது. அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. இங்கே பொறுப்பைத் தாயும் குட்டியும் பகிர்ந்துகொள்கின்றன, மணம் இரு பக்கமும் வேலை செய்கிறது. குட்டி, தாயின் உடலோரமாக முகத்தை உரசிக்கொண்டே போய், உடலும் காலும் சேரும் நிழலான மூலையைத் தேடுகிறது. அதனால்தான் முதலில் முன்னங்கால் அக்குளில் முட்டி ஏமாந்து, பிறகு பின்னே வருகிறது. மடியைச் சுற்றி முடியற்ற, சூடான தோல் முகத்தில் பட்டதும் வாயைத் திறக்கிறது. செம்மறிகளில், மடிக்கு அருகே தொடை இடுக்கில் சுரக்கும் மெழுகு போன்ற பொருளின் மணம் குட்டியைத் தூண்டுவதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. தாயின் தாழ்ந்த கனைப்பும், குட்டியின் வாலடியை அது நக்கிக்கொடுப்பதும் மேலும் ஊக்கம் தருகின்றன.

தாயின் பக்கம் நடப்பது இன்னும் நுட்பமானது. மற்ற நாட்களில் பனிக்குட நீரின் மணத்தை அருவருத்து விலகும் பெட்டை ஆடு, ஈனும் சமயத்தில் மட்டும் அதை நாடி நக்குகிறது. குட்டி வெளிவரும்போது கருப்பை வாய் விரிவதால் மூளையில் சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன்தான் அந்த மாற்றத்தை உண்டாக்குகிறது. நக்கும்போதே அந்தக் குட்டிக்குரிய மணம் அதன் நினைவில் பதிகிறது. அதன் பிறகு அந்த மணமுள்ள குட்டிக்கே மடி. வெள்ளாட்டில் இந்தப் பதிவு எவ்வளவு விரைவானது என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிளாப்ஃபர் 1964-இல் காட்டினார். ஈன்றவுடன் ஐந்தே நிமிடம் குட்டியோடு இருந்த தாய், பின்னர் சில மணி நேரம் பிரித்து வைத்தாலும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத தாய் பெரும்பாலும் விரட்டியது. பிரான்சின் நூசிலி ஆய்வு நிலையத்தில் ஃபிரெடெரிக் லெவியும் பாஸ்கல் பொய்ந்த்ரோனும் செம்மறிக் குட்டிகளைப் பிறந்தவுடன் கழுவிப் பார்த்து, முதல் ஈற்றுத் தாய்களே அவற்றை ஏற்க அதிகம் தயங்குவதை 1987-இல் எழுதினார்கள். உங்கள் இரண்டாவது குட்டிக்கு நேர்ந்தது இதுதான்: அறிமுகம் ஆகும் முன்பே அதன் அடையாளம் கழுவப்பட்டுவிட்டது.

நம் ஊர்ப் பால்காரர்கள் கன்று இறந்த பசுவின் முன் வைக்கோல் அடைத்த தோற்கன்றை நிறுத்திப் பால் கறந்தது இந்த அறிவின் மேல்தான். உருவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், தோலில் தங்கியிருக்கும் மணம் பசுவைச் சுரக்க வைத்தது. இறந்த குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குப் போர்த்தித் தாயை ஏற்க வைப்பதை ஆடு மேய்ப்போர் உலகின் பல பகுதிகளிலும் செய்கிறார்கள்.

இப்போது என்ன செய்யலாம்? தாயின் பாலைக் கொஞ்சம் பீய்ச்சி, ஒதுக்கப்பட்ட குட்டியின் வாலடியிலும் முதுகிலும் தடவுங்கள். ஏற்றுக்கொண்ட குட்டியோடு சேர்த்து இரண்டையும் ஒரே சாக்கில் நன்றாக உரசவிட்டால், மணம் ஓரளவு கலக்கும். தாயைச் சிறிய அடைப்பில் கட்டி, நாளுக்கு ஐந்தாறு முறை பிடித்துக்கொண்டு குட்டியை ஊட்டவிடுங்கள். அப்படி ஊட்டவிடும்போது குட்டி குடித்த பால் செரித்துக் கழிவாகி வெளிவருவதால், சில நாட்களில் குட்டியின் பின்புறத்திலும் தாயின் மணமே வரும். தாய் முகர்ந்து சோதிப்பது அந்த இடத்தைத்தான். ஒரு வாரம் பொறுமையாகச் செய்தால் பல தாய்கள் இணங்குகின்றன, எல்லாமே இணங்கும் என்று சொல்ல முடியாது. அதற்கிடையில் அந்தக் குட்டி முதல் நாளே சீம்பால் குடித்ததா என்பதை எனக்கு எழுதுங்கள். நோய் எதிர்ப்புப் பொருள்களைக் குடல் அப்படியே உறிஞ்சுவது பிறந்து 24 மணி நேரம்வரைதான். அதில் குறை இருந்தால் கழிச்சலுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் கூடுதல் கவனம் தேவைப்படும்.

உங்கள் தங்கையின் கேள்வி என் துறைக்கு அப்பாற்பட்டது. அவர் தம் மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். இருப்பினும் பாலூட்டிகளின் நடத்தையைப் படிப்போர் யாவரும் அறிந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஸ்வீடனில் ஹெய்லி வாரெண்டியும் உடன் ஆய்வாளர்களும் 30 தாய்மாரின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, பிறந்த குழந்தையை இரண்டுக்கும் நடுவே குப்புறக் கிடத்தினார்கள். 22 குழந்தைகள் கழுவாத மார்பைத் தேர்ந்தன. 1994-இல் வெளியான முடிவு இது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் காணப்படும் சிறு புடைப்புகள் மாண்ட்கோமரி சுரப்பிகள். அவற்றின் சுரப்பை முகரும் மூன்று நாள் குழந்தை தலையைத் திருப்பி வாயசைப்பதை டிஜோனிலேயே பின்னர் கண்டார்கள். மனிதக் குழந்தை முயல் குட்டியைப்போல மணம் ஒன்றையே நம்பியிருப்பதில்லை. தாயின் குரல், தோலின் சூடு, தாங்கிப் பிடிக்கும் கை எல்லாம் அதற்குத் துணை. நாள்தோறும் குளிப்பதே போதுமான தூய்மை என்றும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தோலோடு தோல் சேர்த்துப் பாலூட்டத் தொடங்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் இதைப் பற்றிப் பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மீண்டும் முயலுக்கு. தாயின் சொறிக்கு மருத்துவரிடம் காட்டி, எடைக்கேற்ற அளவில் ஐவர்மெக்டின் ஊசி போட்டுக்கொள்வதே சரி. குட்டிகள் பால் குடிக்கும் காலம் இது என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். நாய்க்கு உண்ணி போக்கத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் பயன்படுத்தவே கூடாது, அது முயலுக்கு நஞ்சு. குட்டிகள் மூன்று வாரம் ஆகும்வரை தாயின் வயிற்றில் எந்த எண்ணெயும் களிம்பும் வேண்டாம். பதினெட்டு இருபது நாளில் குட்டிகள் கண்ணால் பார்த்து, தாயின் தீனியைக் கொறிக்கத் தொடங்கிவிடும். மடி ஃபெரோமோனுக்கான எதிர்வினையும் அதை ஒட்டியே மங்கிவிடுகிறது. அதுவரை பெட்டியில் ஈரமான பகுதியையும் இறந்த குட்டியையும் மட்டும் அகற்றி, காய்ந்த பழைய முடியை அப்படியே விட்டு, குறைந்த இடத்துக்கு மட்டும் புது வைக்கோல் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஈற்றுக்குப் பெட்டியைக் கிருமிநாசினியால் கழுவ விரும்பினால், சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள் என்பதைக் கணக்கில் கொண்டு, மூன்றாம் வாரத்திலேயே கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, 28-ஆம் நாள் வைக்கோலோடு கூண்டுக்குள் வைத்துவிடுங்கள். தாய் அதில் தன் முடியைப் பரப்பத் தொடங்கிய பிறகு கழுவும் வேலை எதுவும் இருக்கக் கூடாது.